நெஞ்செரிச்சல் மாதக்கணக்கில் விடவில்லையா? நீலகிரிக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோத்தகிரிப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். காய்ச்சல் மாத்திரைக்கு அடுத்தபடியாக எங்கள் கடையில் அதிகம் கேட்கப்படுவது “கேஸ் மாத்திரை”. பலர் பெயரோடுதான் கேட்கிறார்கள்: “பான் டி ஒரு அட்டை குடுங்க.” எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்றால், “அது ஆச்சுங்க, வருஷக்கணக்குல” என்பார்கள். எப்போது போடுவீர்கள் என்றால், “சாப்பிட்டதுக்கு அப்புறம்.” இந்த இரண்டு பதில்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நெஞ்செரிச்சலுக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை, ஒரு நேரம், ஒரு கால அளவு உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் போட்டால் மருந்தும் வீண், நோயும் அப்படியே இருக்கும்.

உள்ளே நடப்பது இதுதான். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம் போன்ற ஒரு தசை இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, மற்ற நேரம் மூடியிருக்க வேண்டும். அது நேரங்கெட்ட நேரத்தில் தளர்ந்தாலோ, வயிற்றுக்குள் அழுத்தம் கூடினாலோ, இரைப்பையின் மேல்பகுதி உதரவிதானத்தைத் தாண்டி மேலே ஏறியிருந்தாலோ அமிலம் எதுக்களித்து மேலே வரும். அமிலத்தைத் தாங்கும் உட்பூச்சு இரைப்பைக்கு உண்டு, உணவுக்குழாய்க்கு அந்த அளவுக்கு இல்லை. அதனால்தான் எரிகிறது. பெரும்பாலானவர்களுக்கு அமிலம் அதிகமாகச் சுரப்பதில்லை. சுரக்கும் அமிலம் போகக்கூடாத இடத்துக்குப் போகிறது, அவ்வளவுதான். மருந்து அமிலத்தைக் குறைக்கும், அந்தத் தசையை இறுக்காது. சாப்பிடும் நேரம், படுக்கும் விதம் பற்றி இத்தனை பேசுவது அதனால்தான்.

முதல் படி: இது நெஞ்செரிச்சல்தானா?

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதயம். மாரடைப்பை “வாயுப் பிடிப்பு” என்று நினைத்து, சோடா குடித்து, ஓமம் மென்று, விடியட்டும் என்று காத்திருப்பது நம் ஊர்களில் இன்றும் நடக்கிறது. ஊட்டியிலிருந்தோ கூடலூரிலிருந்தோ பெரிய மருத்துவமனைக்கு மலைப்பாதையில் இறங்க வேண்டியிருக்கும் நமக்கு அந்தக் காத்திருப்பு ரொம்ப ஆபத்தானது.

நெஞ்செரிச்சல் பெரும்பாலும் சாப்பிட்ட பின், குனியும்போது, படுக்கும்போது வரும். புளித்த நீர் தொண்டைக்கு வரும். ஜெலுசில் போன்ற ஆன்டாசிட் (அமிலத்தைச் சமன் செய்யும் மருந்து) குடித்தால் கொஞ்சம் அடங்கும். இதய வலி மேடு ஏறும்போதோ நடக்கும்போதோ வந்து, நின்றால் குறையலாம். அமுக்குவது போல, இறுக்குவது போல இருக்கும். இடது கை, தாடை, முதுகு என்று பரவலாம். குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல், தலைசுற்றல் சேர்ந்து வரலாம். நம் ஊரில் கடைக்குப் போவதே ஏற்றம்தான் என்பதால், ஏற்றத்தில் வரும் நெஞ்சு எரிச்சலை வயிற்றுக் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் மாரடைப்பு வெறும் எரிச்சலாகவோ வாந்தியாகவோகூடத் தோன்றலாம். ஆன்டாசிட் குடித்தால் குறைந்தது என்பதை வைத்து “இதயம் இல்லை” என்று முடிவு கட்ட முடியாது. சந்தேகம் இருந்தால் 108. ஈ.சி.ஜி. பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்னால் நிம்மதியாகத் திரும்பி வரலாம், அதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

அடுத்து, மாத்திரையால் சமாளிக்கக் கூடாத அறிகுறிகள். விழுங்கும்போது உணவு சிக்குவது, விழுங்கினால் வலிப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி அல்லது காப்பித்தூள் நிறத்தில் வாந்தி, தார் போல கறுத்த மலம், விடாத வாந்தி, ரத்தசோகை. 60 வயதை ஒட்டி முதன்முறையாக நெஞ்செரிச்சல் தொடங்குவதும் இந்தப் பட்டியலில்தான் வரும். இரும்புச்சத்து மாத்திரை போடுபவர்களுக்கு மலம் கறுப்பாகப் போகும், அது வேறு. மற்றபடி இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கடைக்கு வராமல் மருத்துவரிடம் போங்கள். அவர் எண்டோஸ்கோபி எழுதித் தரலாம்.

விடாத இருமல், காலையில் குரல் கம்முவது, தொண்டையில் உருண்டை அடைத்தது போன்ற உணர்வு ஆகியவையும் எதுக்களிப்பால் வரலாம். நம்மூரில் இதையெல்லாம் “பனி ஒத்துக்கல” என்று விட்டுவிடுகிறோம். அதே நேரம், நெஞ்செரிச்சலே இல்லாமல் இருமல் மட்டும் இருந்தால் அமில மாத்திரை பெரிதாகக் கேட்பதில்லை. ஆஸ்துமா, காசநோய், ரத்த அழுத்த மாத்திரையில் சில வகை என்று வேறு காரணங்களை முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது படி: இரண்டு வாரம் குறித்து வையுங்கள்

ஒரு பழைய நோட்டு போதும். எப்போது சாப்பிட்டீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், எப்போது படுத்தீர்கள், எப்போது எரிந்தது. என்னென்ன மாத்திரைகள் போடுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள், இது முக்கியம். மூட்டு வலிக்கும் இடுப்பு வலிக்கும் போடும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகைகள் இரைப்பையைப் புண்ணாக்கும். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் வகை, ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் போன்றவை அந்த வளையத் தசையைத் தளர்த்தக்கூடும். டாக்சிசைக்ளின், எலும்புக்கான அலெண்ட்ரோனேட், இரும்புச்சத்து மாத்திரை ஆகியவற்றைக் கொஞ்சம் தண்ணீரோடு விழுங்கி உடனே படுத்தால் உணவுக்குழாயிலேயே ஒட்டிப் புண்ணாக்கும். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், எழுதிக் காட்டுங்கள். வலி மாத்திரையை மாற்றியதுமே எரிச்சல் நின்றுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது படி: இரவுச் சாப்பாடும் படுக்கையும்

மலைவாழ்க்கை நமக்கு எதிராக வேலை செய்யும் இடம் இது. குளிரில் எட்டரைக்குச் சுடச்சுடச் சாப்பிட்டு, ஒன்பது மணிக்குக் கம்பளிக்குள் புகுந்துவிடுகிறோம். வயிறு நிறைந்திருக்கும்போது படுத்தால் எதுக்களிப்பு வராமல் என்ன செய்யும்? சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் குறைந்தது 2 மணி நேரம், முடிந்தால் 3 மணி நேரம் இடைவெளி விடுங்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி எங்கும் கடைத்தெரு சீக்கிரமே அடங்கிவிடும், வீடு திரும்புவதும் சீக்கிரம்தான். ஆறரை ஏழு மணிக்கு இரவுச் சாப்பாட்டை முடிப்பது சமவெளியில் இருப்பவர்களைவிட நமக்குச் சுலபம். ஒன்பது மணிக்குக் குளிரினால் வெந்நீர் குடியுங்கள், மறுபடி பால் சோறு வேண்டாம்.

சீசனில் வண்டி ஓட்டுபவர்கள், ஹோட்டலில் வேலை செய்பவர்கள், தேயிலைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அவர்கள் மாலையில் வயிறார ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு, வேலை முடிந்து வந்ததும் இட்லியோ கஞ்சியோ கொஞ்சமாக எடுத்துக்கொள்வது நல்லது. நள்ளிரவில் பரோட்டா சால்னா சாப்பிட்டுவிட்டு அப்படியே சாய்வதுதான் எரிச்சலைக் கூட்டும்.

படுக்கைக்குத் தலைமாட்டை உயர்த்துங்கள். இரண்டு தலையணை வைப்பதைச் சொல்லவில்லை. அது கழுத்தை மட்டும் மடக்கி வயிற்றை இன்னும் அழுத்தும். கட்டிலின் தலைப்பக்கக் கால்கள் இரண்டுக்கும் அடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு மரக்கட்டையோ செங்கலோ ஆடாமல் வையுங்கள். தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள், எஸ்டேட் லைன் வீடுகளில் பலர் அப்படித்தான், பாய்க்கு அடியில் இடுப்பிலிருந்து தலைவரை சரிவாக ஏறும்படி ஒரு பலகையை வைக்கலாம். இடது பக்கமாகப் படுங்கள். அப்போது இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே தங்கும், மேலே வந்த அமிலமும் சீக்கிரம் வடியும். இரவு இருமலுக்கும் புளித்த நீருக்கும் இந்த இரண்டும் செய்யும் நன்மை பெரியது. காசும் செலவில்லை.

இன்னொன்று தோட்டத்தில் இலை பறிக்கும் அக்காமார்களுக்காக. பனியும் செடியின் ஈரமும் படாமல் இருக்க இடுப்பில் கனமான பிளாஸ்டிக் தாளையோ சாக்கையோ இறுக்கிக் கட்டுகிறீர்கள். சாப்பிட்ட உடனே அதை இறுக்கிக்கொண்டு குனிந்து வேலை செய்தால் வயிற்றில் அழுத்தம் கூடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டைக் கொஞ்சம் தளர்த்தியோ இடுப்பெலும்புக்குக் கீழே இறக்கியோ கட்டிப் பாருங்கள். இறுக்கமான பெல்ட், இறுக்கமான பாவாடை நாடா எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

எடை கூடியவர்கள் சில கிலோ குறைத்தாலே எரிச்சல் தெளிவாகக் குறையும். வாழ்க்கைமுறை மாற்றங்களில் அதிக ஆதாரம் இருப்பது இதற்குத்தான். பீடி, சிகரெட், புகையிலையை விடுவதும் அதே அளவு முக்கியம். குளிருக்கு என்று இரவில் குடிக்கும் பிராந்தி அந்தத் தசையைத் தளர்த்திவிடும்.

தேநீரும் வர்க்கியும்

தேயிலை விளையும் ஊரில் இருந்துகொண்டு டீயை விடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, தேவையும் இல்லை. எல்லோருக்கும் எல்லா உணவும் ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை. உங்கள் நோட்டு காட்டுவதை மட்டும் குறையுங்கள். ஆனால் காலையில் வெறும் வயிற்றில் திக்கான டஸ்ட் டீ, பத்து மணிக்கு ஒன்று, மதியம் ஒன்று, மாலையில் வர்க்கியோடு இரண்டு என்று போனால் அது அதிகம். காப்பி, டீ, சோடா எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 2 கோப்பைக்குள் வைப்பது எரிச்சல் குறைவதோடு தொடர்புள்ளது என்று அமெரிக்கச் செவிலியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு 2021-ல் காட்டியது. லேசான டீயாக, ஏதாவது சாப்பிட்ட பிறகு, பொழுது சாய்வதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

வர்க்கியில் மைதாவோடு கொழுப்பு நிறைய. பஜ்ஜி, போண்டா, ஹோம்மேட் சாக்லேட் ஆகியவையும் அப்படித்தான். கொழுப்பு இரைப்பையைவிட்டுப் போக நேரமாகும், சாக்லேட்டும் புதினாவும் தசையைத் தளர்த்தும். அவரை, பீன்ஸ், முட்டைக்கோஸ் வயிற்றை உப்ப வைக்கலாம், ஆனால் அது வேறு தொல்லை. எரிச்சல் இல்லையென்றால் நம் மலைக்காய்களைப் பயந்து ஒதுக்காதீர்கள். எரியும்போது குளிர்ந்த பால் குடிப்பது அந்த நேரத்துக்குச் சுகம் தரும். பிறகு பாலே அமிலச் சுரப்பைத் தூண்டும் என்பதால் படுக்கும் நேரத்துக்கு அது நல்ல மருந்தில்லை.

நான்காவது படி: மருந்துகளை அறிந்து தேர்ந்தெடுப்பது

ஆன்டாசிட்டில் தொடங்கலாம். ஜெலுசில், டைஜீன் போன்றவை ஏற்கனவே இருக்கும் அமிலத்தை நேரடியாகச் சமன் செய்கின்றன. சில நிமிடங்களில் வேலை செய்யும், வெறும் வயிற்றில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். சாப்பிட்ட பின் எடுத்தால் கூடுதல் நேரம் நிற்கும். எப்போதாவது வரும் எரிச்சலுக்கு இது போதும். அலுமினியம் மலத்தைக் கட்டும், மெக்னீசியம் இளக்கும், இரண்டும் கலந்திருப்பது அதனால்தான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் தொடர்ந்து எடுக்கக் கூடாது. ஈனோ வகைப் பொடிகளில் சோடியம் நிறைய. ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, கால் வீக்கம் உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்க நான் தயங்குவேன். வேறு மாத்திரைகளோடு குறைந்தது 2 மணி நேர இடைவெளி வேண்டும், தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேரம்.

ஆல்ஜினேட், அதாவது கேவிஸ்கான் போன்றவை, கடற்பாசியிலிருந்து எடுக்கும் பொருளால் ஆனவை. இரைப்பையில் உள்ளதன் மேல் ஒரு கூழ்ப்படலமாக மிதந்து, மேலே வருவதைத் தடுக்கும். சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்னும் எடுக்க வேண்டும். நம்மூரில் இதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு. சாப்பிட்டதும் புளித்த நீர் மேலேறி வரும் தொல்லை உள்ளவர்களுக்கு வெறும் ஆன்டாசிட்டைவிட இது நன்றாகக் கேட்கும்.

அடுத்தது எச்2 தடுப்பான்கள், அமிலம் சுரக்கத் தூண்டும் ஒரு சமிக்ஞையைத் தடுப்பவை. முன்பு எல்லோர் வீட்டிலும் இருந்தது ரேனிடிடின், அதாவது ரேண்டாக், அசிலாக், ஜினிடாக். 2019-ல் அதில் என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் மாசு இருப்பது தெரிந்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதைச் சந்தையிலிருந்து முழுவதும் விலக்கச் சொன்னது. இந்தியாவில் தடை இல்லை, ஆனால் 2022-ல் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதே வேலையைச் செய்யும் ஃபாமோடிடினில் இந்தச் சிக்கல் இல்லை. மாற்றிக்கொள்ளுங்கள் என்பது என் தெளிவான கருத்து. ஃபாமோடிடின் ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கி 10 மணி நேரம் வரை தாங்கும். அதனால் இரவு எரிச்சலுக்கு ஏற்றது. ஆனால் தினமும் போட்டால் ஓரிரு வாரத்தில் உடல் அதற்குப் பழகி, பலன் குறைந்துவிடும். தேவைப்படும் இரவுகளில் மட்டும் போடுவதுதான் சரியான பயன்பாடு. சிறுநீரகம் பலவீனமான முதியவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் மனக்குழப்பம்கூட வரலாம்.

பி.பி.ஐ. எனப்படும் வகைதான் தொடர் நெஞ்செரிச்சலுக்கு முதன்மை மருந்து. ஒமிபிரசோல், பாண்டோபிரசோல், ரபிபிரசோல், எசோமிபிரசோல், லான்சோபிரசோல். அமிலத்தைச் சுரக்கும் பம்புகளையே இவை முடக்குகின்றன. ஒமிபிரசோல் 1988-ல் விற்பனைக்கு வந்தது, அதற்குப் பிறகு உணவுக்குழாய்ப் புண் ஆற்றுவதில் பெரிய மாற்றம் நேர்ந்தது. எது சிறந்தது என்று தினமும் கேட்கிறார்கள். வழக்கமான அளவில் எல்லாம் ஏறக்குறைய சமம். பாண்டோபிரசோல் 40 மில்லிகிராம் என்பதால் ஒமிபிரசோல் 20-ஐவிட இரண்டு மடங்கு வலு என்று நினைக்க வேண்டாம், எண் பெரிதாக இருப்பதால் மருந்து வலுவாகிவிடாது. ஒன்று சரியாகக் கேட்காதபோது மருத்துவர் ஒருமுறை வேறொன்றுக்கு மாற்றிப் பார்ப்பதுண்டு, நாமாக மாற்றிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை. விலையும் அப்படித்தான். மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ கிடைக்கும் ஜெனரிக் மாத்திரை அதே மருந்துதான்.

இப்போது “டி” சேர்ந்த மாத்திரை. பான் டி, ஒமெஸ் டி போன்றவற்றில் பி.பி.ஐ.-யோடு டோம்பெரிடோன் இருக்கிறது. அது வாந்தி, குமட்டலுக்கானது. இதயத் துடிப்பின் சீரைக் குலைக்கும் அபாயம் இருப்பதால் 2014-ல் ஐரோப்பிய மருந்து அமைப்பு நெஞ்செரிச்சலுக்கு அதைப் பயன்படுத்துவதையே விலக்கியது. வாந்திக்கும் பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்றது. 60 வயது தாண்டியவர்கள், இதய நோயாளிகள், கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக், ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சைத் தொற்று மருந்து போன்றவற்றைச் சேர்த்து எடுப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். வெறும் எரிச்சலுக்கு வருடக்கணக்கில் “டி” போடுபவர்கள் தயவுசெய்து மருத்துவரிடம் கேட்டு, வெறும் பி.பி.ஐ.-க்கு மாறிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைச் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். லெவோசல்பிரைடு சேர்ந்த மாத்திரைகள் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. முதியவர்களுக்குக் கை நடுக்கமும் உடல் விறைப்பும், பெண்களுக்கு மாதவிலக்குக் கோளாறும் மார்பில் பால் சுரப்பும் வரலாம். நடுக்கத்துக்கு நரம்பு மருத்துவரைத் தேடிக் கோயம்புத்தூர் போகும் முன் இந்த அட்டையை ஒருமுறை பாருங்கள்.

புதிதாக வந்திருப்பது வோனோபிரசான். ஜப்பானில் 2014-ல் அனுமதி பெற்று, இப்போது இந்தியாவிலும் கிடைக்கிறது. முதல் நாளிலிருந்தே முழு வேகத்தில் வேலை செய்யும், சாப்பாட்டு நேரத்தோடு இணைக்க வேண்டியதில்லை. கடுமையான உணவுக்குழாய்ப் புண்ணை ஆற்றுவதில் லான்சோபிரசோலைவிட நல்ல பலன் காட்டியிருக்கிறது. பி.பி.ஐ. சரியாகப் போட்டும் கேட்காதவர்களுக்கு மருத்துவர் இதைத் தருவார். சாதாரண எரிச்சலுக்கு முதல் மருந்தாக இது தேவையில்லை. பி.பி.ஐ.-க்கு இருக்கும் அளவு நீண்ட கால அனுபவமும் இதற்கு இன்னும் சேரவில்லை.

ஐந்தாவது படி: பி.பி.ஐ.-யைச் சரியாக எட்டு வாரம்

எச்சரிக்கை அறிகுறி எதுவும் இல்லை, ஆனால் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் எரிகிறது என்றால் வழக்கமான சிகிச்சை இது: தினமும் ஒரு மாத்திரை, 8 வாரம், மருத்துவர் சீட்டோடு. ஒமிபிரசோலும் பாண்டோபிரசோலும் சட்டப்படி சீட்டுக்குத் தரவேண்டியவைதான்.

சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். காரணம் இருக்கிறது. வேலை செய்துகொண்டிருக்கும் பம்பைத்தான் இந்த மருந்தால் முடக்க முடியும். சாப்பாடு உள்ளே போகும்போதுதான் பம்புகள் மொத்தமாக விழிக்கின்றன. அந்த நேரத்துக்கு மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். சாப்பிட்ட பின்போ, படுக்கப் போகும்போதோ போட்டால் பாதிப் பலன் போய்விடும். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் டீ மட்டும் குடித்தாலும் அப்படியே. காலையில் எழுந்ததும் மாத்திரை, குளித்துக் கிளம்பி அரை மணி கழித்து இட்லியோ ராகிக் களியோ, அப்புறம் டீ. இரவுத் தொல்லைதான் அதிகம் என்றால் மருத்துவரிடம் கேட்டு இரவுச் சாப்பாட்டுக்கு முன் மாற்றிக்கொள்ளலாம். ஷிப்ட் வேலைக்காரர்கள் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், தங்கள் முதல் பெரிய சாப்பாட்டை வைத்துக் கணக்குப் போடட்டும்.

முழுப் பலன் தெரிய 3 முதல் 5 நாள் ஆகும். முதல் நாள் போட்டு எரிச்சல் நிற்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள், அந்த நாட்களுக்கு ஆன்டாசிட் துணைக்கு இருக்கட்டும். மாத்திரையைக் கடிக்கவோ பொடிக்கவோ கூடாது, மேல்பூச்சு உடைந்தால் இரைப்பை அமிலமே மருந்தை அழித்துவிடும். மழைக்காலத்தில் நம் வீடுகளில் உப்பே நீர்த்துப்போகிறது. மாத்திரையைப் பிரித்து டப்பாவில் கொட்டி வைக்காமல் அட்டையிலேயே வைத்திருந்து, போடும் நேரத்தில் பிரியுங்கள்.

ஆறாவது படி: எட்டு வாரமாகியும் கேட்கவில்லை என்றால்

அளவைக் கூட்டுவதற்கு முன் நேரம் சரியா, தினமும் போட்டீர்களா, இரவுச் சாப்பாடு மாறியதா என்று பாருங்கள். பலரிடம் சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடும். அதன் பிறகும் இருந்தால் மருத்துவர் காலை, மாலை இரண்டு வேளையாக்கலாம், இரவில் ஃபாமோடிடின் சேர்க்கலாம், அல்லது பரிசோதனைக்கு அனுப்பலாம். எண்டோஸ்கோபியில் புண்ணை ஏ, பி, சி, டி என்று தரம் பிரிப்பார்கள். அதில் ஒன்றும் தெரியாவிட்டால் உணவுக்குழாயில் அமில அளவைப் பார்க்கும் 24 மணி நேர பி.ஹெச். சோதனை உண்டு. உணவுக்குழாயின் இயக்கக் கோளாறோ, அமிலமே இல்லாமல் நரம்பின் கூருணர்வால் வரும் எரிச்சலோ இருந்தால் அமில மாத்திரை எத்தனை போட்டாலும் பயன் இல்லை. ஹெலிகோபாக்டர் கிருமி வேறு கதை. அது இரைப்பைப் புண்ணுக்கான ஒரு முக்கியக் காரணம், அதைக் கண்டறிந்ததற்காக பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-ல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தப் பரிசோதனைக்கு முன் பி.பி.ஐ.-யை 2 வாரம் நிறுத்த வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டலாம். எண்டோஸ்கோபிக்கு முன்பும் நிறுத்த வேண்டுமா என்று தேதி வாங்கும்போதே கேளுங்கள்.

ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள். கோயம்புத்தூர் போக நேர்ந்தால் மாத்திரை அட்டைகள், நோட்டு, பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். மயக்க ஊசி போட்டால் அன்று வண்டி ஓட்டக் கூடாது, கொண்டை ஊசி வளைவில் திரும்பி ஏறும்போது துணைக்கு ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

இரைப்பை மேலே ஏறியிருப்பவர்கள், மருந்து கேட்டாலும் புளித்த நீர் நிற்காதவர்கள், ஆயுள் முழுதும் மாத்திரை வேண்டாம் என்பவர்களுக்கு அறுவை சிகிச்சையும் உண்டு. அது பரிசோதனைகளை முடித்த பிறகு பேச வேண்டியது.

சிலருக்குத் தனிக் கவனம்

கர்ப்பிணிகளுக்கு நெஞ்செரிச்சல் மிகச் சாதாரணம். கால்சியம் ஆன்டாசிட் அல்லது ஆல்ஜினேட்டில் தொடங்கலாம், ஈனோ, சோடா உப்பு வேண்டாம், மேற்கொண்டு மகப்பேறு மருத்துவர் முடிவு செய்யட்டும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்கக் குளோபிடோகிரல் எடுப்பவர்கள் ஒமிபிரசோல், எசோமிபிரசோலைத் தவிர்க்க வேண்டும், இவை அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். பாண்டோபிரசோல் பொதுவாகப் பொருந்தும். தைராய்டு மாத்திரையும் காலையில் வெறும் வயிற்றில்தான் என்பதால் இரண்டும் மோதும். பி.பி.ஐ.-யை இரவுச் சாப்பாட்டுக்கு முன் மாற்றலாமா என்று கேட்டுப் பாருங்கள், தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். அளவையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு இரைப்பை மெதுவாகக் காலியாகும், எடை குறைக்கும் புதிய ஊசிகளும் அதையே செய்யும், இதை மருத்துவரிடம் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு வீட்டிலிருக்கும் பெரியவர் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள்.

ஏழாவது படி: நிறுத்துவது

எட்டு வாரத்தில் எரிச்சல் நின்றுவிட்டால், நிறுத்திப் பார்ப்பது சிகிச்சையின் ஒரு பகுதி. ஆனால் நிறுத்தியதும் எரிச்சல் திரும்பி வரலாம், சிலருக்கு முன்பைவிடக் கூடுதலாக. நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி தொடங்கிவிடுகிறார்கள், வருடக்கணக்கில் போடுவது பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. மருந்து இருந்த நாட்களில் அமிலம் சுரக்கச் சொல்லும் ஹார்மோன் ஏறியிருக்கும், மருந்து விலகியதும் சுரப்பு கொஞ்ச நாள் எகிறும். டென்மார்க்கில் 2009-ல் எந்த வயிற்றுத் தொல்லையும் இல்லாதவர்களுக்கு 8 வாரம் எசோமிபிரசோல் கொடுத்து நிறுத்தியபோது, அவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல் போன்ற தொல்லைகள் வந்தன. வெறும் போலி மாத்திரை எடுத்தவர்களில் அது 15 சதவீதம்தான். இந்த எகிறல் சில வாரங்களில் அடங்கும்.

ஒரேயடியாக நிறுத்தலாம், படிப்படியாகவும் குறைக்கலாம், இரண்டும் ஏற்கப்பட்ட வழிகளே. நான் பரிந்துரைப்பது மெதுவான வழி. இரண்டு வேளை போட்டால் ஒரு வேளையாக்குங்கள். பிறகு குறைந்த அளவு, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓரிரு வாரம். இடையில் எரிந்தால் ஆல்ஜினேட்டோ ஆன்டாசிட்டோ, மோசமான இரவுக்கு ஃபாமோடிடின். தலைமாட்டுக் கட்டையை இந்தச் சமயத்தில் எடுத்துவிடாதீர்கள். கல்யாணம், திருவிழா, விருந்து வரும் வாரத்தில் தொடங்கவும் வேண்டாம்.

நிறுத்தக் கூடாதவர்கள் இருக்கிறார்கள். சி, டி தரத்தில் கடுமையான உணவுக்குழாய்ப் புண் இருந்தவர்கள், பாரெட் எனப்படும் மாற்றம் உணவுக்குழாயில் கண்டறியப்பட்டவர்கள், குழாய் சுருங்கியவர்கள், ரத்தக்கசிவு ஆபத்தோடு ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ ரத்தம் உறையாத மருந்தோ எடுப்பவர்கள். “நீண்ட நாள் போட்டால் கிட்னி போய்விடும்” என்று யாரோ சொன்னதைக் கேட்டு இவர்கள் விட்டுவிட்டால் ரத்த வாந்தியில் போய் முடியலாம். 17,000-க்கு மேற்பட்ட இதய, ரத்தநாள நோயாளிகளுக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், ஒரு பாதிக்குப் பாண்டோபிரசோலும் மறு பாதிக்குப் போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்து 2019-ல் வெளியான ஆய்வில், குடல் தொற்று மட்டுமே மருந்து எடுத்தவர்களில் சற்றுக் கூடுதலாக இருந்தது, போலி மாத்திரைக்காரர்களின் 1.0 சதவீதத்துக்கு எதிராக 1.4. எலும்பு முறிவு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதற்காகத் தேவையில்லாமல் போடலாம் என்று அர்த்தமில்லை. ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம், அரிதாக மெக்னீசியம் குறைந்து தசைப்பிடிப்பு வரலாம், சிறுநீரகத்தில் ஒவ்வாமை அழற்சியும் அரிதாக உண்டு. வருடம் ஒருமுறை மருத்துவரைப் பார்த்து, இந்த மாத்திரை எனக்கு இன்னும் தேவையா, இதைவிடக் குறைந்த அளவு போதுமா என்று கேளுங்கள். சுத்த சைவமாகச் சாப்பிடுபவர்களும் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களும் பி12 அளவையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.